வைப்பர் நின்ற இரவு



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சரிபார்க்கத் தொடங்குவர். ஓட்டு வீட்டுக்காரர் ஏணி வைத்துக் கூரை ஏறுவார். வயலுள்ளவர் மடை திறந்து வழி பார்ப்பார். கார் வைத்திருப்பவர் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார். பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார். முன்கண்ணாடியைத் துடைக்கின்ற வைப்பரை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்பது மாதம் வேலையின்றிப் படுத்துக் கிடக்கும் பொருளாயிற்றே! மழையின் முதல் துளி விழுந்த பிறகே அதன் நினைவு வருகிறது. நானும் அவ்வாறே இருந்தேன். அதன் விளைவு யாது என்பதைச் சொல்லிவிட்டு, பின்னர் அதனைச் செப்பனிடும் முறைக்கு வருகிறேன்.

எங்கள் பங்கு இல்லத்தில் உள்ளது 2008ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. 1983 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்து, 2014 சனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்தச் சிறு வண்டியை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை எனலாம். பதினைந்தாண்டு நிறைவுற்றதும் 2023இல் பதிவைப் புதுப்பித்து, இன்னும் ஓட்டி வருகிறோம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வேறொரு வேலைக்காக வண்டியைக் கொண்டுசென்றபோது, மெக்கானிக் அண்ணாச்சி வைப்பரின் முனையைப் பிடித்து லேசாக அசைத்தார். "சாமி, உள்ளே புஷ் தேய்ஞ்சு போச்சு. மழைக்கு முன்னாடி மாத்திடுவோம்" என்றார். "திருவிழா முடியட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். திருவிழா முடிந்தது. வைப்பர் என் நினைவை விட்டே அகன்றது.

இடையில் வண்டி என்னை எச்சரிக்காமலும் இல்லை. அக்டோபரில் ஒருநாள் தூறலில் வைப்பரைப் போட்டபோது, ஒவ்வொரு திருப்பத்திலும் "டொக்" என்றோர் ஓசை எழுந்தது. வலப்பக்கத்து வைப்பர் கண்ணாடியின் ஓரச் சட்டத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிற்று. வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிக்கொண்டேன். இதை எழுதவே நாணமாக இருக்கிறது.

நவம்பர் மாதத்தில் ஓரிரவு, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். கடற்கரைத் தெருவிலிருந்து ஒரு தாய் வந்து கதவைத் தட்டினார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகளுக்கு வலி கண்டுவிட்டது. மருமகன் ஆழ்கடலில். அவசர ஊர்தி வேறோர் ஊருக்குச் சென்றிருந்தது. அது திரும்ப ஒரு மணி நேரமாகும் என்றார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பின்னிருக்கையில் தாயும் மகளும். முன்னிருக்கையில், பள்ளியில் படிக்கின்ற தம்பி. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஆறுமுகநேரி வரையில் தூறலாக இருந்த மழை, ஆத்தூரை நெருங்கும்போது கொட்டத் தொடங்கிற்று. தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து, முக்காணியை விட்டு வெளியே வந்தேன். வைப்பரின் வேகத்தைக் கூட்டினேன். நான்கைந்து முறை போய்வந்திருக்கும். "டக்" என்ற ஓசையோடு என் பக்கத்து வைப்பர் பாதி வழியில் நின்றுவிட்டது. இடப்பக்கத்து வைப்பரோ தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டாத பையனுக்குச் சாலை தெளிவாகத் தெரிகிறது. ஓட்டுகின்ற எனக்கு எதிர்வரும் விளக்குகள் எல்லாம் உடைந்த கண்ணாடித் துண்டுகளாய்ச் சிதறித் தெரிகின்றன!

இருபுறமும் நீர், எங்கே சாலை முடிகிறது, எங்கே பள்ளம் தொடங்குகிறது என்பது புலப்படவில்லை. சன்னலை இறக்கி, துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தேன். பையன் இடப்பக்கத்துக் கண்ணாடி வழியே பார்த்து, "வலது, சாமி... நேரே... இன்னும் கொஞ்சம் வலது" என்று சொல்லிக்கொண்டு வந்தான். பின்னால் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தாள். ஒரு வார்த்தை கூட என்னைக் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பழையகாயலில் ஒரு தேநீர்க் கடையின் கூரையடியில் உப்பு லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் நிலைமையைக் கேட்டார். என்ஜின் மூடியைத் திறக்கச் சொன்னார். கைவிளக்கைப் பல்லில் கவ்வியபடி கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தினுள் கையை நுழைத்துத் துழாவினார். குண்டிலிருந்து கழன்று தொங்கிய கம்பியை அதன் இடத்தில் அழுத்தி வைத்து, தம் வண்டியிலிருந்து கட்டுக்கம்பி கொண்டுவந்து எட்டாகச் சுற்றி முறுக்கினார். இடுப்பிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, ஈரக் கண்ணாடியின் மேல் நன்றாகத் தேய்த்தார். "மெதுவான ஸ்பீடுலயே ஓட்டுங்க சாமி. வேகமா வச்சா திரும்பக் கழண்டிடும். நின்னு போனாலும் புகையிலை தண்ணிய நிக்க விடாது. பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டு இங்க நிக்காதீங்க, கிளம்புங்க" என்றார். பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனை வாயிலில் நாங்கள் சேர்ந்த அரைமணி நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது. அந்த அரைமணி நேரத்தை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மறுவாரம் மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு முழுப் பிற்பகல் அருகிலிருந்து பார்த்தேன். அவர் என்னைக் குறைசொல்லவில்லை. ஸ்பேனரை மட்டும் என் கையில் கொடுத்து, "நீங்களே கழட்டுங்க" என்றார். அன்று கற்றதையும், அதன்பின் இரண்டு முறை நானே செய்து பழகியதையும் இனி எழுதுகிறேன்.

வைப்பர் இயங்கும் விதம் எளிது. சிறிய மின்மோட்டார் ஒன்று வேகமாகச் சுழல்கிறது. திருகுப் பல்லும் பற்சக்கரமும் அச்சுழற்சியை மெதுவாக்கி, வலிமையைக் கூட்டுகின்றன. பற்சக்கரத்தின் அச்சில் ஒரு குட்டையான கை; அது முழு வட்டமாகச் சுற்றுகிறது. அக்கையிலிருந்து ஒரு நீண்ட கம்பிப் பட்டை, லிங்க் என்பார்கள், வைப்பரின் அடியில் உள்ள ஸ்பிண்டில் என்னும் அச்சின் சிறு கைக்குச் செல்கிறது. மோட்டாரின் கை முழு வட்டம் சுற்றும்போது, ஸ்பிண்டிலின் கை சற்று நீளமானதால் வட்டமடிக்க இயலாமல் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. தையல் இயந்திரத்தின் மிதிபலகையில் நாம் காண்பது இதற்கு நேர் எதிர்: அங்கே ஆட்டம் சுழற்சியாகிறது, இங்கே சுழற்சி ஆட்டமாகிறது. இரண்டாவது லிங்க் ஒன்று மறுபக்கத்து ஸ்பிண்டிலுக்கு அவ்வாட்டத்தைக் கடத்துகிறது. இந்த இரண்டாவது லிங்க் கழன்றால் ஒரு வைப்பர் மட்டும் நிற்கும். மோட்டாரை ஒட்டிய லிங்க் கழன்றால் இரண்டும் நின்றுவிடும். எனக்கு நேர்ந்தது முன்னது.

லிங்குகளின் இரு முனைகளிலும் உருண்டையான இரும்புக் குண்டும், அதனைக் கவ்வும் ப்ளாஸ்டிக் கிண்ணமும் உண்டு. பட்டறைகளில் அக்கிண்ணத்தைப் புஷ் என்றே வழங்குகிறார்கள். சாதாரண ஆணி போதாதா, குண்டு எதற்கு என்று அண்ணாச்சியைக் கேட்டேன். முன்கண்ணாடி வளைந்தது; ஆதலால் இரு ஸ்பிண்டில்களும் ஒரே திசையை நோக்கி நிற்பதில்லை; லிங்க் ஓடும்போது சற்றே புரண்டு கொடுக்க வேண்டும்; அதற்கே குண்டு என்றார். கிண்ணம் தேய்ந்துபோனால் சிலர் குண்டை அறுத்தெறிந்துவிட்டுப் போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கிவிடுவர். புரள வழியின்றி லிங்க் முறுக்குண்டு, ஸ்பிண்டிலையோ மோட்டாரையோ கெடுத்துவிடும். அந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

தேய்மானம் சிறிதாக இருக்கும்போதே அதன் விளைவு பெரிதாகத் தெரிவது ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பிண்டிலின் கை ஐந்து சென்டிமீட்டர் என்றும், ஸ்பிண்டிலிலிருந்து வைப்பரின் நுனிவரை ஐம்பது சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். குண்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் தளர்வு ஏற்பட்டால், நுனியில் அது பத்து மில்லிமீட்டர் ஆட்டமாக வெளிப்படும். இரண்டு மூன்று கிண்ணங்கள் தேய்ந்தால் அவை ஒன்றோடொன்று கூடும். கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் வைப்பர் போய் இடித்தது அதனால்தான். அந்த இடி மீண்டும் கிண்ணத்தின் மேலேயே விழும். நிமிடத்துக்கு நாற்பது முறை போய்வருவதாகக் கொண்டால், ஒரு மணி நேர மழையில் 4,800 முறை திசை திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பமும் ஒரு சுத்தியலடி.

ஆனால் அன்று பட்டறையில் நான் கற்ற மெய்யான பாடம் வேறு. கிண்ணத்தை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். அண்ணாச்சி லிங்கைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, வலப்பக்கத்து ஸ்பிண்டிலைக் கையால் திருப்பச் சொன்னார். அசையவில்லை. இடப்பக்கத்தது இரு விரலால் தள்ளியதும் எளிதாகத் திரும்பிற்று. "இதுதான் சாமி நோய். புஷ் தேய்ஞ்சது இதோட பலன்" என்றார். ஸ்பிண்டில் தன் குழலுக்குள் துருவேறி இறுகியிருந்தது. மோட்டாரோ விடாமல் இழுக்கிறது. ஸ்பிண்டிலோ வர மறுக்கிறது. இடையில் அகப்பட்டு நைந்துபோனது ப்ளாஸ்டிக் கிண்ணம். துருவை நீக்காமல் புதுக் கிண்ணம் போட்டிருந்தால் அடுத்த மழைக்குள் அதுவும் போயிருக்கும். போகாவிட்டால் மோட்டார் வெந்திருக்கும்.

துரு எங்கிருந்து வந்தது? பங்கு இல்லத்து வாசலில் ஒரு பெரிய வேம்பு உண்டு. வண்டி எப்போதும் அதன் நிழலில்தான் நிற்கும். உதிரும் சிற்றிலைகளும் பூவும் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்து, மக்கி, சேறாகி, நீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டன. கண்ணாடியில் வழியும் நீர் அங்கேயே தேங்கிற்று. உப்புக்காற்றோடு தேங்கிய நீரும் சேர்ந்தால் இரும்புக்கு வேறு பகை வேண்டுமா? இரு கை நிறைய மக்கை அள்ளி வெளியே போட்டோம். வேப்ப நிழலில் வண்டி நிறுத்துவோர் அந்தப் பள்ளத்தை மாதம் ஒருமுறை துழாவிப் பார்ப்பது நலம்.

இனிச் செய்முறை. முதலில் குறை எங்கே என்று கண்டுகொள்ள வேண்டும். வண்டி நின்றிருக்கையில் வைப்பரின் நுனியைப் பிடித்து இருபுறமும் மெல்ல ஆட்டுங்கள். சிறிதளவு ஆட்டம் எவ்வண்டியிலும் உண்டு. விரலகலம் ஆடினால் மூன்று இடங்களில் ஒன்றில் குறை இருக்கும். வைப்பர் கை ஆடும்போது அதன் அடியில் உள்ள ஸ்பிண்டிலின் முனை ஆடவில்லையெனில், அங்குள்ள நட்டு தளர்ந்திருக்கிறது அல்லது நுண்ணிய பல்வரிகள் மழுங்கியிருக்கின்றன. ஸ்பிண்டிலின் முனை குழலுக்குள் மேலும் கீழும் சாய்ந்தாடினால் குழல் தேய்ந்திருக்கிறது. ஸ்பிண்டில் ஒழுங்காகத் திரும்பியும் மோட்டாரின் கை அசையாமல் நின்றால், கிண்ணங்களே காரணம். ஒருவர் உள்ளிருந்து மெதுவான வேகத்தில் வைப்பரைப் போட, மற்றொருவர் வெளியிலிருந்து பார்த்தால் எந்த மூட்டில் அசைவு வீணாகிறது என்பது கண்ணுக்கே தெரியும். கண்ணாடியை நனைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். விரலை மட்டும் எக்காரணத்தாலும் உள்ளே நீட்டலாகாது. அந்த மோட்டாருக்கு இரும்புக்கும் எலும்புக்கும் வேறுபாடு தெரியாது.

கழற்றுவதற்கு முன் வைப்பரைச் சுவிட்சினால் நிறுத்துங்கள்; சாவியைத் திருப்பி நிறுத்தாதீர்கள். சுவிட்சினால் நிறுத்தும்போதுதான் மோட்டார் தன் ஓய்வு நிலைக்குத் தானே சென்று நிற்கும். அந்நிலை தவறினால், திரும்பப் பூட்டுகையில் வைப்பர் வானத்தைப் பார்த்து நிற்கும். கைகள் படுத்திருக்கும் இடத்தைக் கண்ணாடியில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

வைப்பர் கையின் அடியில் உள்ள சிறு மூடியை நெம்பினால் நட்டு தெரியும். நட்டு எளிதில் வந்துவிடும், கை வராது. பல்லாண்டுத் துரு பல்வரிகளில் கடித்துக்கொண்டிருக்கும். ஸ்குரூடிரைவரைக் கண்ணாடியில் ஊன்றி நெம்பியவர்கள் பலர். வைப்பரோடு கண்ணாடியையும் மாற்றியவர்கள் அவர்கள். துரு நீக்கும் எண்ணெயை ஊற்றிக் கால்மணி நேரம் காத்திருங்கள். பிறகு கையை அதன் மூட்டருகே பிடித்து இடவலமாக மெல்ல அசைத்தால் கிளம்பிவிடும். அடுத்து, பள்ளத்தின் மேல்மூடி. வண்டிக்கு வண்டி இது வேறுபடும். ப்ளாஸ்டிக் மூடியானால் வெயிலில் காய்ந்து அப்பளமாக இருக்கும், பொறுமையாகக் கையாளுங்கள்.

லிங்கைக் குண்டிலிருந்து எடுக்க, இரண்டுக்கும் இடையில் தட்டையான ஸ்பேனரையோ அகன்ற ஸ்குரூடிரைவரையோ கொடுத்து நேராக மேலே நெம்புங்கள். கோணலாக நெம்பினால் பட்டை வளையும். மோட்டாரின் அச்சில் உள்ள கையைக் கூடியமட்டும் கழற்றாதிருப்பதே நன்று. கழற்றியே ஆகவேண்டுமாயின் அச்சிலும் கையிலும் ஒரே கோடாக அடையாளம் கீறிக்கொள்ளுங்கள்.

இப்போது குண்டைப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் துடைத்து, விரலால் உருட்டிப் பாருங்கள். மேற்பரப்பில் துரு மட்டும் இருந்தால் நயமான உப்புத்தாளால் மெருகிடலாம். உருண்டை வடிவம் கெட்டு முட்டை வடிவமாகியிருந்தால் புதுக் கிண்ணம் அதில் நில்லாது. லிங்க் தொகுதி முழுவதையும் மாற்றுவதே வழி. சில வண்டிகளில் கிண்ணம் தனியே கிடைக்கும். சிலவற்றில் அது லிங்கோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். கடைக்குப் போகும்போது பழைய கிண்ணத்தைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். "மாருதிக்கு ஒண்ணு" என்று கேட்டு வாங்கிவந்து, அளவு பொருந்தாமல் மறுபடியும் பேருந்து ஏறியவன் நான். அக்கிண்ணத்தின் விலை, தூத்துக்குடிக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்தை விடக் குறைவு.

கிண்ணத்துக்கு முன் ஸ்பிண்டில். அதன் மேல்முனையில் உள்ள வளையக் கிளிப்பையும் வாஷரையும் எடுத்தால் பெரும்பாலான வண்டிகளில் அச்சைக் கீழ்ப்புறமாக உருவிவிடலாம். எங்களுடையது உருவ வரவில்லை. எண்ணெய் ஊற்றி இரவெல்லாம் வைத்து, மறுநாள் மரக்கட்டையை இடையில் வைத்துத் தட்டினோம். செம்மண் நிறத்தில் தூள் கொட்டிற்று. அச்சை உப்புத்தாளால் தேய்த்து, குழலைத் துணியால் துடைத்து, கிரீஸ் பூசித் திரும்பச் செருகினோம். தண்ணீர் புகாதிருக்க மேலே உள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதுவே துருவுக்கு வாயில் திறந்தது. அதனையும் புதிதாக மாற்றினோம். இரு விரலால் தள்ளினால் தயக்கமின்றித் திரும்ப வேண்டும். அதுவரையில் அடுத்த வேலைக்குப் போகலாகாது.

புதுக் கிண்ணத்தைப் பொருத்துவது பலருக்கு எரிச்சலூட்டும் வேலை. சுத்தியலால் அடித்து உடைத்தவர்கள் உண்டு. கொதித்த நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் ப்ளாஸ்டிக் இளகும். உள்ளே சிறிதளவு கிரீஸ் தடவி, குண்டின் மேல் நேராக வைத்து, பெரிய பிளையரால் இருபுறமும் சேர்த்து அழுத்துங்கள். "டப்" என்று உட்காரும் ஓசை கேட்கும். கையால் இழுத்தால் வரக்கூடாது. சுழற்றினால் இறுக்கமில்லாமல் புரளவேண்டும். நான்கு மூட்டுகளில் ஒன்று தேய்ந்திருந்தாலும் நான்கையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. ஒன்றைப் புதிதாக்கினால் பழைய மூன்றின் தளர்வு அப்படியேதானே இருக்கும்?

லாரி ஓட்டுநர் கட்டிய கட்டுக்கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஓரிரவுக்கு உகந்த வைத்தியம். கழலாமல் காக்கும், ஆனால் இரும்போடு இரும்பு உரசிக் குண்டைத் தின்றுவிடும். சிலர் ப்ளாஸ்டிக் கட்டுநாடாவை இறுக்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அன்றிரவு பழையகாயலில் எனக்குக் கிடைத்ததுபோல் அவர்களுக்கும் யாரேனும் கிடைப்பாராக!

பூட்டும்போது, வைப்பர் கைகளை மாட்டுமுன் பேட்டரியை இணைத்து மோட்டாரைச் சிறிது ஓடவிட்டுச் சுவிட்சினால் நிறுத்துங்கள். ஸ்பிண்டில்கள் ஓய்வு நிலைக்கு வரும். அதன் பின்னரே சுண்ணக்கட்டிக் குறியைப் பார்த்துக் கைகளை மாட்ட வேண்டும். கண்ணாடியை நன்கு நனைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஓடவிடுங்கள். வேகத்தில் சற்றுக் கூடுதலாக வீசும்; ஓரச் சட்டத்துக்கும் வைப்பருக்கும் இடையே அப்போதும் இடைவெளி இருக்க வேண்டும். காய்ந்த கண்ணாடியில் ஓட்டிப் பார்ப்பது தவறு. புதுக் கிண்ணங்களுக்கு முதல்நாளே சுமையேற்றுவதாகும். தூசி படிந்த கண்ணாடியைத் துடைக்கச் சிலர் உலர்ந்த வைப்பரைப் போடுவதும் அத்தகைய தவறே. நம் வெயிலில் ஓராண்டில் ரப்பர் கட்டையாகிவிடும். கட்டையான ரப்பர் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும். அந்த இழுவையும் கிண்ணத்தின் தலையிலேயே விழும். ஆகவே ஆண்டுக்கொருமுறை, புரட்டாசி முடிவதற்குள், ரப்பரை மாற்றிவிடுவது நல்ல பழக்கம்.

லிங்க் இல்லாத வைப்பர்களும் இருந்தன. நான் இளங்குருவாகப் பணியாற்றிய ஊரில் வயதான மருத்துவர் ஒருவர் மாரிஸ் மைனர் வைத்திருந்தார். அதில் மோட்டாரிலிருந்து ஒரு குழாயினுள்ளே, திருகுபோல் கம்பி சுற்றிய வளையும் வடம் ஒன்று முன்னும் பின்னும் ஓடும். ஒவ்வொரு ஸ்பிண்டிலின் அடியிலும் உள்ள சிறு பற்சக்கரம் அதனோடு பொருந்தித் திரும்பும். வைப்பர் முழு வட்டம் சுற்றுவதில்லை ஆதலால் பற்சக்கரத்தின் ஒரு பகுதிப் பற்களே தேயும். பற்கள் தேய்ந்ததும் மருத்துவர் பெட்டியைத் திறந்து, சக்கரத்தை அரைவட்டம் திருப்பி வைத்துவிட்டு, "இன்னும் ஓர் ஆயுள் கிடைத்தது" என்பார். அப்போது எனக்கு அதன் அருமை விளங்கவில்லை.

இக்கருவியின் வரலாற்றை ஆராய்ந்தால் அதன் தொடக்கத்தில் ஒரு பெண்மணி நிற்கிறார். அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், நியூயார்க் நகரில் பனி பொழியும் நாளில் டிராம் வண்டியில் சென்றபோது, ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் ஓட்டுவதைக் கண்டார். உள்ளிருந்தே நெம்புகோலால் இயக்கத்தக்க துடைப்பான் ஒன்றை வகுத்து, 1903 நவம்பர் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அதனால் அவர் பொருளேதும் ஈட்டவில்லை. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 101ஆவது, முன்கண்ணாடியுள்ள வண்டிக்குச் செவ்வையாக இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. பதிவு புதுப்பிக்கும் ஆய்வின்போது எங்கள் வைப்பரும் ஓடத்தான் செய்தது. ஓடுகிறதா என்பது வேறு, எவ்வளவு காலம் ஓடும் என்பது வேறு.

நாங்கள் செப்பனிட்ட சில வாரங்களில், 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களின் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அன்று எந்த வைப்பரும் உதவியிராது. வண்டியை நான் வெளியே எடுக்கவுமில்லை. நீர் வடிந்தபின் பள்ளத்தின் மூடியை மறுபடியும் திறந்து, படிந்திருந்த வண்டலைக் கழுவி, ஸ்பிண்டில்களுக்குப் புதிதாகக் கிரீஸ் வைத்தேன். முதல்முறை ஒரு பிற்பகலாயிற்று. இரண்டாம் முறை ஒன்றரை மணி நேரம்.

பழையகாயல் தேநீர்க் கடையில் பிறகு இரண்டு முறை இறங்கி அந்த லாரி ஓட்டுநரைப் பற்றி விசாரித்தேன். எத்தனையோ உப்பு லாரிகள் அங்கே நின்று போகின்றன, கடைக்காரருக்கு நினைவில்லை.

அன்று பிறந்த குழந்தை இப்போது தெருவில் ஓடி விளையாடுகிறாள். அவளுடைய பாட்டி என் வண்டியைக் கண்டால் நிறுத்தி, முதலில் கேட்பது, "வைப்பரு ஓடுதா சாமி?" என்பதே. "ஓடுது அம்மா. இடப்பக்கத்து ரப்பர்தான் மாத்தணும்" என்று சென்ற வாரம் சொன்னேன். "அப்ப மாத்திட்டு வாங்க" என்றார். மறுநாள் காலை கடை திறந்ததும் மாற்றிவிட்டேன்.